காரில் செருகும் இன்சூரன்ஸ் டாங்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள போர்ட்டில் ஒரு சின்ன டாங்கிளைச் செருகி வையுங்கள், நீங்கள் ஓட்டும் விதத்தைப் பார்த்து பிரீமியத்தைக் குறைக்கிறோம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் சொல்கின்றன. அமெரிக்காவில் இது பெரிய அளவில் நடக்கிறது. ஆனால் கார் ஓட்டுபவர்களில் பலர் அதைக் கையால் தொடவே தயங்குகிறார்கள். விவரம் தெரியாத பயம் என்று அந்தத் தயக்கத்தை ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அதற்கு உருப்படியான காரணங்கள் இருக்கின்றன. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் கீழே தருகிறேன்.

இந்த போர்ட் காரில் எதற்கு இருக்கிறது?

புகைக்காக வந்தது. கலிபோர்னியாவில் காற்று மாசு தாங்க முடியாத அளவுக்குப் போனபோது, புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று காரே தன்னைச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்று விதி போட்டார்கள். அதன் இரண்டாம் தலைமுறைக்குப் பெயர் ஓபிடி-2. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம் ஆனது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலும் டீசல் கார்களுக்கு 2004இலும் வந்தது.

மொத்தம் 16 முனைகள். ஒன்றில் பேட்டரியின் மின்சாரம் எப்போதும் இருக்கும். வேறு இரண்டு முனைகள் காரின் உள்ளே இருக்கும் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் இணைப்புக்குப் போகின்றன. செருகிய கருவி ஒரு எண்ணை அனுப்பி ‘வேகம் என்ன?’ என்று கேட்கும். கார் ஒரு எண்ணைத் திருப்பி அனுப்பும். கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்று பொதுவாகக் கார் விசாரிப்பதில்லை. மெக்கானிக்கையும் புகைப் பரிசோதகரையும் மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது.

டாங்கிள் எதையெல்லாம் பதிவு செய்கிறது?

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் பொதுவாக இவை இருக்கும்: நொடிக்கு நொடி வேகம், இன்ஜின் ஓடத் தொடங்கிய நேரம், நின்ற நேரம், போன தூரம். காருக்கென்று தனியாக உள்ள அடையாள எண்ணையும் படிக்கும். அதனால் டாங்கிளைக் கழற்றி நிதானமாக ஓட்டும் தம்பியின் காரில் செருகி ஏமாற்றலாம் என்ற யோசனை எடுபடாது. கழற்றிய நேரமும் மாட்டிய நேரமும் கூடப் பதிவாகும். சில கருவிகளில் ஜிபிஎஸ் இருக்கும். உள்ளேயே ஒரு சிம் இருப்பதால் பதிவானது எல்லாம் செல்போன் வலையமைப்பு வழியாகக் கம்பெனிக்குப் போய்விடும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

இதை முதலில் தொடங்கியது யார்?

அமெரிக்காவின் ப்ராகிரசிவ் இன்சூரன்ஸ் நிறுவனம் 1998இல் டெக்சாஸின் ஹூஸ்டன் நகரில் சோதித்துப் பார்த்தது. அப்போது ஜிபிஎஸ்ஸும் செல்போன் இணைப்பும் கொண்ட கருவியைக் காருக்குள் பொருத்த வேண்டியிருந்தது. போர்ட்டில் செருகும் டாங்கிள் வந்த பிறகுதான் இது சாமானியர்கள் கையில் பரவியது. பிரிட்டனில் நார்விச் யூனியன் என்ற இன்சூரன்ஸ் கம்பெனி 2006இல் தொடங்கி 2008இல் கைவிட்டது. அங்கே இளைஞர்களிடம் இது மறுபடி பிடித்துக்கொள்ள உதவியது ஒரு தீர்ப்பு. ஆண், பெண் என்று பிரித்து வேறு வேறு பிரீமியம் வாங்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011இல் சொன்னது. ஓட்டுநரை வகைப்படுத்த வேறு வழி தேவைப்பட்டது, அங்கே கருப்புப் பெட்டி என்று அழைக்கப்படும் இந்தக் கருவி கைகொடுத்தது.

‘ஹார்ட் பிரேக்’ என்று எதைச் சொல்கிறார்கள்? நான் மோசமாக ஓட்டவில்லையே, ஏன் கத்துகிறது?

அதிகமாக வரும் புகார் இதுதான். கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ப்ராகிரசிவ் வெளியிட்டிருக்கும் அளவுகோல்படி, ஒரு நொடியில் வேகம் மணிக்கு 7 மைல் அல்லது அதற்கு மேல் குறைந்தால் அது ஹார்ட் பிரேக். நம் கணக்கில் சொன்னால் ஒரு நொடியில் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகம் இறங்குவது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், அடுத்த நொடி 38 என்று காட்டுகிறது, டாங்கிள் ‘பீப்’ என்று கத்திவிடும்.

இதைத் தூரமாக மாற்றிப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பீப் வராமல் நிறுத்த வேண்டும் என்றால் பிரேக்கில் கால் வைத்த இடத்திலிருந்து 30 மீட்டருக்கு மேல் தேவை. நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருந்தால் அதே காரை 12, 13 மீட்டரில் நிறுத்திவிடலாம். அதாவது காரின் பிரேக் எவ்வளவு தாங்குமோ அதில் பாதியைக்கூட நீங்கள் பயன்படுத்தவில்லை, அதற்குள் உங்கள் பெயரில் ஒரு குறி விழுந்துவிட்டது.

அந்தக் குறிக்குக் காரணம் என்னவென்று கருவிக்குத் தெரியாது. முன்னால் போனவர் சிக்னல் போடாமல் திரும்பியிருக்கலாம். ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே வந்திருக்கலாம். நீங்கள் விழிப்போடு இருந்ததால்தான் பிரேக் பிடித்தீர்கள். செல்போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டியவரும் அதே பிரேக்கைத்தான் பிடிக்கிறார். இருவருக்கும் ஒரே எண்.

கம்பெனிகளுக்கு இதற்கு ஒரு பதில் உண்டு: ஒரு பிரேக்கை வைத்து யாரையும் எடைபோடுவதில்லை, ஆயிரக்கணக்கான மைல்களில் அடிக்கடி இப்படிப் பிடிப்பவர் முன்னால் போகும் காரை ஒட்டியே ஓட்டுகிறார் என்று அர்த்தம் என்கிறார்கள். மொத்தக் கணக்கில் அதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. எனக்குக் கவலை தருவது பீப் சத்தம் ஓட்டுநரின் காலுக்குக் கற்றுக்கொடுக்கும் பாடம். மஞ்சள் விளக்கு விழுகிறது. பிரேக் பிடித்தால் குறி விழும், பிடிக்காமல் தாண்டிவிட்டால் கருவிக்கு ஒன்றும் தெரியாது. விளக்கின் நிறத்தை அது பார்ப்பதில்லை. அந்த அரை நொடியில் தள்ளுபடியை நினைத்து ஒருவர் தாண்டிப் போனால், பாதுகாப்புக்காக வைத்த கருவியே அவரை ஆபத்துக்குள் தள்ளிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

என் டாங்கிளில் ஜிபிஎஸ் இல்லை. நான் எங்கே போனேன் என்று தெரியாதுதானே?

அப்படி நிம்மதியாக இருக்க முடியாது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், புறப்பட்ட இடமும் நொடிக்கு நொடி வேகமும் தெரிந்தால் போதும், சாலை வரைபடத்தோடு ஒப்பிட்டு எங்கே போய் நின்றீர்கள் என்பதைச் சில பயணங்களில் ஓரளவு நெருக்கமாக ஊகித்துவிடலாம் என்று காட்டினார்கள். யோசித்தால் புரியும். எத்தனை மீட்டர் போனபின் திருப்பத்துக்காக வேகம் குறைந்தது, எங்கே முழுதாக நின்றது, எங்கே நெடுஞ்சாலை வேகத்துக்கு ஏறியது என்ற வரிசைக்குப் பொருந்தும் பாதைகள் அதிகம் இருக்காது. புறப்பட்ட இடம் எங்கே என்று தேட வேண்டியதே இல்லை. உங்கள் வீட்டு முகவரி பாலிசியிலேயே இருக்கிறது.

எல்லா நேரமும் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் ஒருவர் ஒவ்வொரு வாரமும் ஒரே மருத்துவமனைக்குப் போகிறார் என்றால், சில முறை சரியாக விழுந்தாலே போதும்.

ஒழுங்காக ஓட்டுபவர் ஏன் பயப்பட வேண்டும்? மறைக்க என்ன இருக்கிறது?

மறைக்க எதுவும் இல்லாதவர்தான் இதில் அதிகம் கேள்வி கேட்க வேண்டும் என்பேன். அவர் ஒழுங்காக ஓட்டுகிறார் என்று முடிவு செய்வது யார்? பதிவு செய்யும் கருவி கம்பெனியுடையது. அந்தப் பதிவுக்கு மதிப்பெண் போடும் சூத்திரமும் கம்பெனியுடையது. பிரீமியம் ஏறினால் பணம் போய்ச் சேருவதும் அவர்களிடமே. சாட்சியும் நீதிபதியும் வழக்கில் லாபம் பெறுபவரும் ஒருவராகவே இருந்தால், குற்றமற்றவருக்கும் அந்த நீதிமன்றத்தில் நிம்மதி இருக்காது.

க்ளெய்ம் கேட்டுப் போனவர்களுக்கு இது அனுபவப் பாடம். பிரீமியம் வாங்கும்போது ஒரு முகம், பணம் கொடுக்கும்போது வேறு முகம். என் சொந்த விஷயத்திலும் நடந்தது. பார்க்கிங்கில் நின்றிருந்த காரை யாரோ இடித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சின்ன க்ளெய்முக்கு என் கம்பெனி கேட்ட காகிதங்களுக்கும் கேள்விகளுக்கும் அளவே இல்லை. அதே கம்பெனி அடுத்த ஆண்டு டாங்கிள் அனுப்பட்டுமா என்று கேட்டபோது, இவர்கள் கையில் என் ஒவ்வொரு நொடியும் இருந்தால் அடுத்த க்ளெய்மில் என்னென்ன கேட்பார்கள் என்றுதான் தோன்றியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தள்ளுபடி தருவதாகச் சொல்கிறார்கள். பிரீமியம் கூடவும் செய்யுமா?

கூடலாம். பாலிசியைப் பொறுத்தது. சில திட்டங்களில் மதிப்பெண் மோசமானால் தள்ளுபடி மட்டும் போகும். சிலவற்றில் கட்டணமே ஏறும். விளம்பரத்தில் சேமிப்பு பெரிய எழுத்திலும் ஏற்றம் சிறிய எழுத்திலும் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள். புரியவில்லை என்றால் ஏஜென்டிடம் எழுத்தில் பதில் கேளுங்கள். ‘கூடாது சார், கவலைப்படாதீங்க’ என்று வாயால் சொல்வது பின்னால் எதற்கும் உதவாது.

இந்தத் தரவு வேறு யாருக்காவது போகுமா?

இந்தக் கேள்விக்கு 2024 மார்ச்சில் வெளிவந்த ஒரு விவகாரத்தைச் சொன்னால் போதும். அதில் டாங்கிளே கிடையாது, காருக்குள்ளேயே இணைய வசதி இருந்தது. ஆனால் பாதை அதேதான்.

ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் ஆன்ஸ்டார் என்ற இணையச் சேவையில் ‘ஸ்மார்ட் டிரைவர்’ என்று ஒரு வசதி இருந்தது. நன்றாக ஓட்டப் பழகுவதற்கு என்று சொல்லப்பட்டது. அதில் பதிவான ஓட்டும் விவரங்கள் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் என்ற தரவு நிறுவனங்களுக்குப் போய், அங்கிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போயின என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பிரீமியம் 21 சதவீதம் ஏறிய ஒருவர் காரணம் தேடி லெக்சிஸ்நெக்சிஸிடம் தன் அறிக்கையைக் கேட்டார். 258 பக்கம் வந்தது. அவரும் மனைவியும் போன 640 பயணங்கள் அதில் இருந்தன. எப்போது கிளம்பினார்கள், எப்போது நின்றார்கள், எத்தனை மைல், எத்தனை முறை வேகம் மீறினார்கள், எத்தனை முறை திடீர் பிரேக் என்று ஒவ்வொன்றும் இருந்தது. எங்கே போனார்கள் என்பது மட்டும் இல்லை.

செய்தி வந்த அதே மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பகிர்வை நிறுத்தியது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. இருப்பிடத்தையும் ஓட்டும் விதத்தையும் காட்டும் தரவை இத்தகைய அறிக்கை நிறுவனங்களுக்கு 5 ஆண்டுகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது அதன் முக்கிய நிபந்தனை.

தானாக விரும்பிச் செருகிய டாங்கிளுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். டாங்கிள் வைப்பவருக்குத் தான் கவனிக்கப்படுகிறோம் என்று தெரியும். ஆனால் கார் ஓட்டுபவர்களின் நம்பிக்கை போனதற்கு யாரைக் குறை சொல்வது என்று கேட்டால், நான் ஓட்டுநர்களைச் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் டாங்கிளை விட்டுவிட்டு செல்போன் ஆப் வைத்துக்கொள்வது நல்லதா?

இல்லை. பல கம்பெனிகள் இப்போது டாங்கிளிலிருந்து ஆப்புக்கு மாறிவிட்டன, அவர்களுக்கு அது மலிவு. உங்களுக்கு அது இன்னும் நெருக்கமான கண்காணிப்பு. டாங்கிள் காரோடு நின்றுவிடும், போன் உங்களோடு பேருந்திலும் வரும், படுக்கையறைக்கும் வரும். அடுத்தவர் காரில் பயணியாக உட்கார்ந்திருந்தால்கூட நீங்கள் ஓட்டுவதாகப் பதிவாகும் குழப்பமும் உண்டு. கூடவே, போனை எப்போதெல்லாம் கையில் எடுத்தீர்கள் என்பதையும் அது பார்க்கும்.

டெக்சாஸ் மாநில அரசு 2025 ஜனவரியில் ஆல்ஸ்டேட் என்ற இன்சூரன்ஸ் கம்பெனி மீதும் அதன் துணை நிறுவனமான ஆரிட்டி மீதும் வழக்குப் போட்டது. வேறு வேலைக்காக மக்கள் போனில் வைத்திருந்த ஆப்களுக்குள் தங்கள் மென்பொருளை நுழைத்து, 4.5 கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கர்களின் நடமாட்டத்தைச் சேகரித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் இன்சூரன்ஸ் ஆப்பையே போனில் வைக்காதவருக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது என்பதை அந்த வழக்கு காட்டுகிறது.

டாங்கிள் வழியாகக் காரை ஹேக் செய்ய முடியுமா?

செய்து காட்டியிருக்கிறார்கள். சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஒரு கார்வெட் காரில் டாங்கிளைச் செருகி, அதற்கு எஸ்எம்எஸ் அனுப்பியே வைப்பரை ஓட்டினார்கள், மெதுவாகப் போகும்போது பிரேக்கை இயங்க விடாமலும் செய்தார்கள். மெட்ரோமைல் என்ற இன்சூரன்ஸ் கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துவந்த வகை டாங்கிள் அது. விஷயம் தெரிந்ததும் கம்பெனி மென்பொருளைத் திருத்தியது.

காரின் உள் இணைப்பில் ஒரு கட்டளை வந்தால், அதை அனுப்பியது பிரேக் கணினியா வெளியிலிருந்து வந்த டாங்கிளா என்று சரிபார்க்கும் வழி அந்த இணைப்பின் வடிவமைப்பில் இல்லை. இப்போது சில தயாரிப்பாளர்கள் போர்ட்டுக்கும் முக்கியமான கணினிகளுக்கும் நடுவே ஒரு காவல் கணினி வைக்கிறார்கள். பழைய கார்களில் அது கிடையாது. தெருவில் போகிற உங்கள் காரை யாராவது நாளைக்கே இப்படிப் பிடித்துவிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிம் போட்ட ஒரு கருவியை பிரேக்கோடு தொடர்புள்ள இணைப்பில் மாட்டச் சொல்பவர், அதைப் பாதுகாப்பாக வைக்கும் பொறுப்பை எழுத்தில் ஏற்க வேண்டும்.

ஆன்லைனில் கிடைக்கும் மலிவான புளூடூத் ஸ்கேனருக்கும் இது பொருந்தும். தேவைப்படும்போது செருகுங்கள், பார்த்துவிட்டுக் கழற்றிவிடுங்கள்.

எனக்கு இரவு வேலை. மதிப்பெண் குறையுமா?

பல திட்டங்களில் குறையும். நள்ளிரவு முதல் விடிகாலை வரை ஓட்டுவது ஆபத்தானது என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மைலுக்கு இத்தனை விபத்து என்று பார்த்தால் இரவில் உயிர்ச்சேதம் அதிகம் என்பது நிஜம்தான். ஆனால் அந்தக் கணக்கில் குடித்துவிட்டு ஓட்டுபவரும் இரவு ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகும் நர்ஸும் ஒரே பட்டியலில் விழுகிறார்கள். வேலை நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லாதவர் அதற்காகக் கூடுதல் பிரீமியம் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. நீங்கள் இரவு வேலை செய்பவராக இருந்தால் நேரத்தை மதிப்பெண்ணில் சேர்க்காத திட்டமாகப் பாருங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

பேட்டரி இறங்குமா?

தினமும் ஓட்டும் காருக்குப் பிரச்சினை இல்லை. வாரக்கணக்கில் நிற்கும் காரில் இறங்கலாம், ஏனென்றால் போர்ட்டில் எப்போதும் மின்சாரம் இருக்கிறது. ஊருக்குப் போகும் முன் கழற்றலாமா என்று கம்பெனியிடம் கேட்டுவிட்டுக் கழற்றுங்கள். சர்வீசுக்கு விடும்போது டாங்கிள் இருப்பதை மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள், அவருக்கும் அதே போர்ட்தான் வேண்டும்.

மகன் காரை எடுத்தால் என் கணக்கில் சேருமா?

சேரும். டாங்கிளுக்குக் காரைத்தான் தெரியும், ஆளைத் தெரியாது.

வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும்?

இப்போதைக்குப் பெரும்பாலும் விருப்பம்தான். ஆனால் கொஞ்சம் தள்ளி யோசியுங்கள். நல்ல மதிப்பெண் வரும் என்று தெரிந்தவர்கள் முதலில் சேருவார்கள். அவர்கள் போனபிறகு மிச்சம் இருப்பவர்களின் சராசரி ஆபத்து கூடும், அவர்களுடைய பிரீமியமும் ஏறும். அதைத் தாங்காமல் அடுத்த வரிசையினர் சேருவார்கள். இப்படியே போனால் கடைசியில் வேண்டாம் என்பவர், எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகத்துக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கும். யாரும் கட்டாயப்படுத்தாமலே கட்டாயம் ஆகிவிடும். சட்டம் போட்டுத்தான் இதைத் தடுக்க முடியும், தனி மனிதரின் பிடிவாதம் போதாது.

கலிபோர்னியா ஒரு வழி காட்டியிருக்கிறது. அங்கே இத்தகைய கருவியை எத்தனை மைல் ஓடியது என்று சரிபார்க்க மட்டுமே கம்பெனிகள் பயன்படுத்தலாம். எப்படி பிரேக் பிடித்தீர்கள், எந்த நேரத்தில் போனீர்கள் என்பதை வைத்து பிரீமியம் போட முடியாது. 1988இல் வாக்காளர்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய முன்மொழிவு 103தான் இந்த விதிகளுக்கு அடிப்படை.

இதில் நல்லதே கிடையாதா?

உண்டு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கார் இன்சூரன்ஸ் கட்டணத்துக்கு உங்கள் கடன் வரலாற்றையும் பார்க்கிறார்கள். கிரெடிட் கார்டு பாக்கிக்கும் பிரேக் பிடிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? அதோடு ஒப்பிட்டால், ஓட்டுவதை வைத்தே ஓட்டுபவரை எடைபோடுவது எவ்வளவோ மேல். ஏழை வட்டாரத்தில் வசிக்கிறார், ஆனால் அருமையாக ஓட்டுகிறார் என்பவருக்கு இது ஒரு வாய்ப்பாகக்கூட அமையலாம்.

அதிலும் குறைவாக ஓட்டுபவருக்கு மைல் கணக்குத் திட்டம் நேர்மையானது என்பது என் எண்ணம். மைலை நீங்களே மீட்டரில் பார்த்துச் சரிபார்க்கலாம், கம்பெனி சொல்வதை நம்ப வேண்டிய அவசியமில்லை. மதிப்பெண் திட்டத்தில் அந்த வழி கிடையாது. சூத்திரம் வியாபார ரகசியம் என்று சொல்லிவிடுவார்கள். என் ஆட்சேபணை முழுக்க இந்த ரகசியத்தின் மேல்தான்.

செருகும் முன் என்ன கேட்க வேண்டும்?

பிரீமியம் ஏறுமா என்று முதலில் கேளுங்கள். ஜிபிஎஸ் இருக்கிறதா, பதிவை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், விபத்து நடந்தால் க்ளெய்மைத் தீர்மானிக்க அதைப் பயன்படுத்துவார்களா என்பதைக் கேளுங்கள். மூன்றாவது நிறுவனத்துக்குக் கொடுப்பார்களா என்பதற்கு ‘பங்குதாரர்கள்’ என்று மழுப்பலாகப் பதில் வந்தால் அந்தப் பங்குதாரர்களின் பெயரைக் கேளுங்கள். நீதிமன்றம் உத்தரவிட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் அவர்கள் கையில் ஒன்றுமில்லை. இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று: என் பதிவை நானே பார்க்க முடியுமா, தவறான குறி விழுந்தால் மறுப்புத் தெரிவிக்க வழி உண்டா? இல்லை என்றால் நான் செருக மாட்டேன், தள்ளுபடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும்.

ஏற்கெனவே வைத்திருந்தேன். கழற்றிக் கொடுத்துவிட்டால் முடிந்ததா?

கருவிதான் போகும், பதிவு அங்கேயே இருக்கும். பாலிசியை முடிக்கும்போது பயணப் பதிவுகளை அழிக்கும்படி தனியாக எழுதிக் கேளுங்கள். பதிலைப் பத்திரமாக வையுங்கள். அமெரிக்காவில் வசிப்பவர்கள் லெக்சிஸ்நெக்சிஸ் போன்ற நிறுவனங்களிடம் தங்களைப் பற்றிய அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கலாம், தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாம். கடன் அறிக்கைக்கு இருக்கும் அதே சட்டம் இங்கேயும் பொருந்தும். இணைய வசதியுள்ள காராக இருந்தால், காரின் திரையிலும் போனில் உள்ள கார் ஆப்பிலும் ‘ஓட்டும் மதிப்பெண்’, ‘தரவுப் பகிர்வு’ போன்ற தேர்வுகள் எங்கே இருக்கின்றன என்று தேடி அணைத்துவிடுங்கள். காரை விற்கும் முன் உங்கள் கணக்கை அதிலிருந்து நீக்க மறக்காதீர்கள். பழைய கார் வாங்குபவர்களும், முந்தைய உரிமையாளரின் டாங்கிள் போர்ட்டில் இன்னும் மாட்டியபடியே இருக்கிறதா என்று ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுவது நல்லது.